ஒடியாத துரும்பு

"அந்தக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வாழ்ந்தார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் காலத்தைச் சொல்கிறார்களோ! நானும் அந்தக் காலத்துக்காரிதான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்கு முந்தின வருஷம், சேலம் ஜில்லா கோர்ட்டில் கூண்டு ஏறி நின்று, என்னைக் கட்டினவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவள். தருமபுரிக்கு அப்போது ஜில்லா கோர்ட் கிடையாது. பெரிய வழக்கு எதுவானாலும் தொப்பூர்க் கணவாய் இறங்கிச் சேலத்துக்குத்தான் போக வேண்டும்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. ஐந்தாவது வரை படித்தேன். படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று ஊரே சொன்னதால் என் அப்பன் பயந்துபோய், கேட்ட முதல் ஆளுக்கே கொடுத்துவிட்டார். பாலக்கோட்டுப் பக்கம், கிணறும் பூமியும் உள்ள வீடு. நான் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மூன்று மாதத்தில் அந்தப் புண்ணியவான் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டான். கைக்குழந்தையோடு நான் திரும்பிப் போனபோது அவள்தான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "வா அக்கா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அடித்தது அவள் அல்ல, அவன். ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்தேன். ஒருநாள் களி கிளறுகிற துடுப்பால் அவன் அடித்ததில் இடது மணிக்கட்டு பிசகிப்போனது. அன்றைக்கே, "எனக்குத் தீத்து வுட்டுருங்க" என்று ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ஊர்க்கவுண்டர் என்றால் எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவர்.

எங்கள் ஜனத்தில் தீர்த்துவிடுவதற்கு ஒரு முறை உண்டு. கூட்டம் கூட்டுவார்கள். புருஷன் தன் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவிக்கொண்டு வந்து பெண்டாட்டி கையில் கொடுக்க வேண்டும். அவள் அதைக் கூட்டத்தின் முன்னால் இரண்டாக ஒடிக்க வேண்டும். ஒடிந்தால் உறவு அற்றது. தாலியைக் கழற்றித் தட்டில் வைத்துவிடுவாள். அதன்பிறகு அவள் வேறு ஒருவனைக் கட்டிக்கொள்ளலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்பதற்கு நல்ல முறைபோல இருக்கிறதல்லவா? அதற்கு ஒரு வால் உண்டு. துரும்பு ஒடிந்தால் பிள்ளைகள் தகப்பனுக்கு. தாய் வளர்த்துக் கொடுக்கலாம். தகப்பன் கேட்கிற அன்று விட்டுவிட வேண்டும்.

நான் ஒடித்தேன். தூறல் போட்டுக்கொண்டிருந்த நாள். அவன் கூரையின் உள்பக்கத்திலிருந்து மஞ்சம்புல் ஒன்றை உருவிக் கொடுத்தான். வருஷக்கணக்கில் அடுப்புப் புகை குடித்துக் காய்ந்த புல். படக்கென்று ஒடிந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு வந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று வரவில்லை, பிள்ளை பிறந்தபோதும் வரவில்லை. ஒன்றரை வயசுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "பொட்டப்புள்ளதான, அவளே வச்சுக்கட்டும்" என்றான் அவன். கூட்டம் சிரித்தது. நானும் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டேன், அவன் மனசு மாறுவதற்குள் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டுமே என்று.

ஐந்து வருஷம் நிம்மதி. அப்பன் வீட்டில் இருந்துகொண்டு ராகிக்காட்டில் களை வெட்டினேன், மாடு கறந்தேன், மகளுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்தேன். பாப்பாரப்பட்டிச் சந்தையில் வெல்லம் விற்கிற ஒருவர், பெண்டாட்டி செத்துப்போனவர், எங்கள் ஜனந்தான், என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஒரு வருஷம் நான் பதில் சொல்லவில்லை. பிறகு சரி என்றேன். நல்ல மனுஷர். சந்தையில் என் மகளைப் பார்த்தால் ஒரு துண்டு வெல்லத்தை அவள் கையில் கொடுக்காமல் முதலில் என்னிடம் நீட்டி, "குடுக்கலாமுங்களா?" என்று கேட்பார். என்னை ஒரு பொருட்டாக நினைத்து அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. தை மாதம் கட்டிக்கொள்வதாகப் பேச்சு.

ஐப்பசியில் கோர்ட் நோட்டீஸ் வந்தது. மகள் தனக்கு வேண்டும் என்று அந்தக் கட்டையில் போறவன் மனுப் போட்டிருந்தான். படிக்கத் தெரிந்தது எவ்வளவு கெடுதல் என்று அன்றைக்குத் தெரிந்தது. நான் "அடங்காத சுபாவமுள்ளவள்" என்றும், ஜாதி வழக்கப்படி துரும்பு ஒடித்து நீங்கியவள் என்றும், இப்போது அந்நிய புருஷனை மணக்கப் போகிறபடியால் பிள்ளைக்கு ஆகாதவள் என்றும் எழுதியிருந்தது. தகப்பன் பாசம் ஐந்து வருஷம் கழித்து எங்கிருந்து பொங்கியது என்று விசாரித்தோம். இரண்டாவது பெண்டாட்டிக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு ஒரு தம்பி, முப்பது வயசிருக்கும், வாய்க்கால் ஓரத்துப் பூமி அவன் பேரில் இருந்தது. என் மகளை அவனுக்குக் கட்டிவைத்தால் அந்தப் பூமிக்கு இவன் கிணற்றுத் தண்ணீரைத் திருப்பிவிட்டு ஒன்றாக உழலாம். மகளுக்கு வயது ஆறரை. அவளைப் பெற்றவனைக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்வதற்கு என்ன வெட்கம்? அப்படித்தான் தோன்றியது.

தருமபுரியில் ஒரு வக்கீலிடம் அப்பன் கூட்டிப்போனார். கும்பகோணத்துக்காரர், எந்நேரமும் மூக்குப்பொடி. என்னை நிற்கவைத்துக்கொண்டே அப்பனிடம் மட்டும் பேசினார், ஏதோ விலைக்கு வந்த மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. "இவளுக்கு வயசென்ன? இவள் இப்போ யார்கூட இருக்காள்?" அப்பன் ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்ப்பார், நான் சொல்வதைத் திருப்பி அவரிடம் சொல்வார். மூன்றாவது கேள்வியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்னையே கேளுங்க. எனக்கு வாய் இருக்குது" என்றேன்.

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொடியைத் துடைத்துக்கொண்டார். "சரி, நீயே சொல்லு. துரும்பு ஒடிஞ்சுதா?"

"ஒடிஞ்சுதுங்க."

"ஒடிஞ்சுதுன்னா உனக்கு ஒண்ணுதான் மிஞ்சும். நீ சுதந்திரமா இன்னொருத்தனைப் பண்ணிக்கலாம். ஆனா உங்க வழக்கப்படி குழந்தை அவனுக்குன்னு அவன் வக்கீல் பத்து சாட்சி கொண்டுவந்து நிறுத்துவான். நீயும் வேற கல்யாணம் பண்ணிக்கப் போறே. ஜட்ஜ் யோசிக்கவே மாட்டார்." பொடி டப்பியைத் தட்டினார். "ஒடியலேன்னு வெச்சுக்கோ. அப்போ நீ இன்னமும் அவன் பெண்டாட்டி. இந்த வருஷந்தான் டில்லியிலே ஒரு சட்டம் போட்டிருக்கான். புருஷன் இன்னொருத்தியைப் பண்ணிண்டா மூத்தவள் தனியா இருக்கலாம், அவன் இழுத்துண்டு போக முடியாது. துரும்பு வழக்கமே அப்போ பேச்சுக்கு வராது. அடிச்சவன்கிட்டேயும் மாற்றாந்தாய்கிட்டேயும் பொண்ணை அனுப்பாதேங்கோன்னு நான் கேட்பேன். ஜட்ஜ் கேட்பார்."

"அது ஒடிஞ்சுதுங்களே" என்றார் அப்பன்.

"நான் உங்களைக் கேட்கலை. அன்னிக்கு மழை பேஞ்சுதோன்னு உம்ம பொண்ணை நன்னா யோசிச்சுண்டு வரச் சொல்லும்" என்று வக்கீல் எழுந்துவிட்டார். அந்த ஆள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய்யை என் தலையில் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

ஒடிந்ததென்றால் வெல்லக்காரர் உண்டு, மகள் இல்லை. ஒடியவில்லை என்றால் மகள் உண்டு, அந்தப் பாவியின் பெண்டாட்டியாகவே நான் சாகவேண்டும். வீடு வந்து சேர்ந்ததும் அப்பன், "புள்ளயக் குடுத்துரலாம் ஆத்தா, நீயாச்சும் நல்லாயிரு" என்றார். அதற்கப்புறம் நான்கு நாள் நான் அவரோடு பேசவில்லை.

வாரச்சந்தையன்று வெல்லக்காரரிடம் நானே போய், துரும்பு ஒடியவில்லை என்று சொல்லப்போகிறேன், கல்யாணம் நடக்காது என்றேன். தராசைக் கீழே வைத்துவிட்டு முழுசும் கேட்டார். நல்ல மனுஷர், புரிந்துகொள்வார், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனேன்.

"அப்ப ஒரு வருசமா என்னை எதுக்குங்க காக்க வெச்சீங்க?" என்றார். "எங்க வூட்டுல ரெண்டு புள்ளைங்க தாயில்லாம கெடக்குது. நானும் மனுசந்தானுங்களே." பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. "போய் வேற ஆளப் பாருங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் பார்த்தார். தையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது, எனக்கில்லை.

வாய்தாவுக்கு முதல்நாளே சேலம் போய்ச் சத்திரத்தில் தங்கினோம். வக்கீல் காலையில் வந்தார். என் கழுத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "தாலியைக் காணோமே! வெறுங் கழுத்தோட நின்னு பெண்டாட்டின்னா யார் நம்புவா?" என்று கத்தினார். தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டதற்கு இப்போது எங்கே போவது? அப்பன் கடைவீதிக்கு ஓடினார். மஞ்சள் கிழங்கு ஒன்றும் நூலும் வாங்கிவந்தார். நூலில் மஞ்சளைப் பூசிக் கிழங்கைக் கோத்தார். கோத்துவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். தகப்பன் மகளுக்குத் தாலி கட்ட முடியுமா? வக்கீல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் அப்பன் கையிலிருந்து பிடுங்கி நானே கட்டிக்கொண்டேன். மூன்று முடிச்சும் நானேதான் போட்டேன். மேளம் வேண்டுமா என்று வக்கீலைக் கேட்டேன். பாயில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த மகள் கண் கொட்டாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டு வாசலில் அவன் நின்றிருந்தான். வெள்ளை வேட்டி, தோளில் புதுத்துண்டு. ஐந்து வருஷமாகப் பிள்ளை இருக்கிறதா செத்ததா என்று எட்டிப் பார்க்காதவன், "அடி கண்ணு, வாடி" என்று அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஜட்காக் குதிரை ஒவ்வொன்றையும் காட்டினான். ஒரு குதிரையின் நெற்றியை அவள் தொட்டுப் பார்க்கக் குனிந்து நின்றான். அவள் சிரித்தாள். அவளை இறக்கிக் கூட்டிவர நான் போனபோது, "ஜட்ஜு சொல்ற வரைக்கும் எனக்கும் புள்ளதான்" என்றான். கூட்டத்தில் கத்தினால் நான் அடங்காதவள் என்பது மெய்யாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டார்கள். அவன் பக்கத்துச் சாட்சி. அறுபது வயசு, ஜரிகைத் தலைப்பாகை, ஜட்ஜுக்குச் சமமாகத் தானும் ஒரு ஜட்ஜ் என்ற நினைப்பு. துரும்பு ஒடிந்தது, உறவு அற்றது, தானே கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அத்தனையும் நிஜம். ஜட்ஜ் மலையாளத்துக்காரர். துரும்பு என்றால் என்ன என்று அவருக்குப் புரியவைப்பதற்கே நேரம் பிடித்தது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை டவாலி சேவகன் கொண்டுவந்து காட்டினான். பிறகு எங்கள் வக்கீல் எழுந்தார்.

"கூட்டம் நடந்த அன்னிக்கு மழையோ?"

"மழைதானுங்க. மழைக்கெல்லாம் பயந்து கூட்டத்தத் தள்ளி வெக்கிற ஆளு நானில்லீங்க."

"பேஷ். துரும்பைக் கூரையிலேர்ந்துதானே உருவறது?"

"ஆமாங்க. அவன் வூட்டுக் கூரையில."

"கூரை மழையிலே நனையுமோ நனையாதோ?"

"நனையாம? கூரைன்னு ஒண்ணு நனையத்தானுங்க போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டுக் கவுண்டர் சபையைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். அதில் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நனைஞ்ச புல்லு ஒடியுமோ?"

"நனைஞ்ச புல்லு எப்படீங்க ஒடியும்? வளையும். சின்னப் பையனுக்கே தெரியுமுங்களே."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று கவுண்டருக்கு உறைக்க அரை நிமிஷம் ஆனது. "இல்லீங்க, உள்பக்கத்துப் புல்லுங்க அது" என்று ஆரம்பித்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி ஜட்ஜ் கையைக் காட்டினார். எத்தனை கூட்டத்தில் எத்தனை பெண்களை "வாய மூடு" என்று இந்தக் கிழவர் அடக்கியிருக்கிறார்! அவர் முகம் போன போக்கைப் பார்த்து வயிறு குளிர்ந்தது.

அடுத்து நான். கடவுள் சாட்சியாகச் சத்தியம் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். அவனுடைய வக்கீல் சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"துரும்பை உன் கையிலதானே குடுத்தாங்க?"

"ஆமாங்க."

"நீ ஒடிச்சே. படக்னு சத்தம் வந்துச்சு. அந்தச் சத்தம் உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

விழுந்தது. அப்போதும் காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எதிரே அவன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் தெரியும், கவுண்டருக்கும் தெரியும், பின்வரிசையில் என் அப்பனுக்கும் தெரியும்.

"வுழுகலீங்க" என்றேன். "வளைஞ்சுது. கவுண்டர் ஒடிஞ்சுதுன்னு சொன்னாரு, பொம்பள நான் என்னத்தப் பேசறது? இன்னிக்கும் நான் இவரு சம்சாரந்தானுங்க."

இவரு! அந்த நாய்க்கு மரியாதை கொடுத்துச் சொன்னேன். நாக்கு வெந்துபோகவில்லை. ஜட்ஜ் தலையை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார். அவன் எழுந்து, "பொய்யிங்க, இந்தத் தாலி நான் கட்டினது இல்லீங்க" என்று கத்தினான். அவனுடைய வக்கீலே அவன் துண்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு, "குட்டியைக் கொண்டுவா" என்றார். காலையில் சத்திரத்துப் பாயில் உட்கார்ந்து அவள் பார்த்ததெல்லாம் ஞாபகம் வந்தது. சேவகன் அவள் கையைப் பிடித்து ஜட்ஜின் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குனிந்து கேட்டார்.

"பாப்பா, நீ யாரோட இருக்கணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை.

"அப்பாகூட" என்றாள்.

ஜட்ஜ் சிரித்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தட்டி அனுப்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு சொன்னார். துரும்பு ஒடிந்ததாக நிரூபிக்கவில்லை. மனைவி தனியே இருக்கக் காரணம் உண்டு. சிறுபிள்ளை தன் விருப்பம் சொல்லும் வயதில் இல்லாததால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பெண் தாயிடம் வளரட்டும், ஜட்ஜைக் கேட்காமல் யாரும் அவளுக்குக் கல்யாணம் பேசக்கூடாது. வக்கீல் என்னைப் பார்த்து ஒரு சிட்டிகைப் பொடியை இழுத்தார். ஜெயித்துவிட்டோமாம்.

வாசலில் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் இறங்க மாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தேன். "ஆகட்டும்டி, எம் பொண்டாட்டியாவே இருந்து சாவு" என்று அவன் என் காதோடு சொன்னான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்ததால் என்னால் அவன் முகத்தில் துப்ப முடியவில்லை. அதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

சண்டைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடவிட்ட கரிபஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பூர்க் கணவாயில் ஏற மாட்டாமல் நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார் கண்டக்டர். அவள் ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு அப்பா வேணும்" என்று புழுதியில் காலை உதைத்தாள். தூக்கினேன். வயிற்றில் உதைத்தாள், தோளைக் கடித்தாள். அப்பன் வாங்க வந்தார், நான் கொடுக்கவில்லை. அவளுக்காகத்தான் எல்லாம் என்று அவளிடம் என்னவென்று சொல்வது? அன்றைக்கு அந்தக் கோர்ட்டில் கவுண்டர், வக்கீல்கள், நான், எல்லோரும் கேட்ட கேள்விக்குத் தக்கபடி பேசினோம். மனசில் இருந்ததை அப்படியே சொன்னது அவள் ஒருத்திதான். அதைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. மேடு ஏறி முடிக்கிறவரை அவள் அழுதாள். நான் அவளை இறக்கிவிடவில்லை.